காசநோயாறும் கூடம்

அத்தியாயம் பதினேழு

‘நோயாளிகள் மாலை வேளைகளில் மரத்தடி பெஞ்சுகளில் சற்று நேரம் காசநோயாறினார்கள்.’

இளையவள் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் எழுதியதுதான். மரத்தடி அவளுடையது, பெஞ்சு அவளுடையது. அந்தக் கடைசிச் சொல் மட்டும் எந்த அகராதியிலும் கிடையாது.

ராத்திரி பூராவும் பரிசோதனை நிலையத்தின் தொலைபேசி முன்னால் உட்கார்ந்து, ரிசல்ட் வந்ததா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு அப்போதுதான் வீடு வந்திருந்தாள். முகம்கூடக் கழுவவில்லை. வந்ததும் கணினியைத் திறந்ததற்குக் காரணம், இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் அவளுடைய முதுகலை ஆய்வேடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது, தவறினால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. எல்லாம் முடிந்த கோப்பு. ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

புரட்டினாள். ‘காசநோயாறும் கூடம்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு துணைத்தலைப்பு. மேலே போனாள். முதல் அத்தியாயம், முதல் வரி: ‘காசநோய் என்ற சொல் காசநோயைக் குறிக்கவில்லை என்பதே இந்த ஆய்வின் வாதம்.’

யார் வேலை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் தப்பைக்கூட இத்தனை நம்பிக்கையோடு செய்யக்கூடியவன் ஒருத்தன்தான்.

அண்ணனைப் பற்றி வாராவாரம் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. டாக்டர். தெருமுனையில் கிளினிக். தங்கையையும் டாக்டராக்கியே தீருவது என்று மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட்டவன். அவள் இரண்டாம் வருடத்தில் ஒருநாள் காலை பிணக்கூடத்திலிருந்து வெளியே வந்து நேரே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போகவில்லை. அதற்கப்புறம் ராத்திரி வேலைக்குப் போய்க்கொண்டே மருத்துவ வரலாறு படிக்கச் சேர்ந்தபோது, “டாக்டராக முடியாதவங்க டாக்டரைப் பத்தி எழுதுவாங்களாக்கும்” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, வருஷக்கணக்கில் பேச்சை நிறுத்தியவன். அண்ணி நடுவில் நின்று மாடி அறையை ஒழித்துக்கொடுத்து அவளை அழைத்து வந்ததும், அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்ததும் இப்போது சில வாரங்களாகத்தான்.

அந்தச் சமாதானத்துக்கு ஒரு மரியாதை செய்வதாக நினைத்து, நேற்று வேலைக்குக் கிளம்பும்போது அவள்தான் வாயைக் கொடுத்தாள். பின்னிணைப்பில் உள்ள மருந்துப் பெயர்களில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னாள். மட்டும் என்பதை அழுத்தியே சொன்னாள்.

கிளினிக்குக்குப் போன் போட்டாள். எடுத்ததும், “முன்னால ஒரு பேஷண்ட் இருக்கார்” என்றான்.

“பேஷண்ட்டை அனுப்பிட்டு வா. நீ ஒரு ஆஸ்பத்திரி முழுக்க வியாதி பரப்பி வெச்சிருக்கே.”

வந்தான். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றக்கூட இல்லை. குற்றம் செய்தவன் வருகிற வருகையாக அது இருக்கவில்லை. நன்றி வாங்கிக்கொள்ள வருகிற வருகையாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் செய்ததை அவனே விளக்கினான்.

“முதல்ல ‘இளைப்பு’ன்னு தேடி ‘காசநோய்’னு மாத்தினேன். பாதிதான் மாறிச்சு. இளைப்பின், இளைப்பால், இளைப்பைன்னு விதவிதமா எழுதியிருக்கே. அப்புறம் கடைசி உகரத்தை எடுத்துட்டு ‘இளைப்ப’ வரைக்கும் குடுத்தேன். எல்லாம் ஒரே தட்டுல விழுந்துடுச்சு.”

“இளைப்பாறுறதும் விழுந்துடுச்சு.”

“அது ஒண்ணு ரெண்டு இருக்கும்.”

“ஏன் மாத்தினே?”

அவனுக்கு அந்தக் கேள்விதான் புரியவில்லை. இளைப்பு என்றால் என்ன, எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டான். மெலிவு, இருமல், சாயங்காலத்தில் லேசான காய்ச்சல். இதைப் படித்தால் முதல் வருஷ மாணவன்கூடச் சொல்லிவிடுவான். நூறு வருஷத்துக்கு முந்தைய டாக்டருக்குத் தெரியாமல் போனது அவர் குற்றமில்லை. ஆனால் இன்றைக்கு ஒருத்தி, அதுவும் தன் தங்கை, உட்கார்ந்து இளைப்பு இளைப்பு என்று எழுதிக்கொண்டிருந்தால் படிக்கிறவன் சிரிக்க மாட்டானா. விடிய விடிய உட்கார்ந்து செய்தேன் என்றான்.

இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு பழைய ஆஸ்பத்திரி. அதன் டாக்டர்கள் இருமினவனுக்கும், பட்டினி கிடந்தவனுக்கும், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவளுக்கும் ஒரே சொல்லைத்தான் எழுதினார்கள்: இளைப்பு. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் எத்தனை விதமாகப் படுத்திருந்தார்கள், அப்புறம் எப்படி அந்தச் சொல் உடைந்து வேறு வேறு வியாதிகளாகப் பிரிந்து போனது என்பதுதான் ஆய்வேடே. செத்தவர்களுக்கு இன்றைய வியாதிப் பெயரைச் சூட்டாதீர்கள் என்பது இந்தப் படிப்பில் முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லித்தருவது. அழுக்குக் கையோடு வயிற்றைத் திறப்பது டாக்டருக்கு எப்படியோ, அப்படி.

இதை அவள் சொன்னாள். அண்ணன் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

“சரி, திருப்பி மாத்திடறேன். காசநோய்னு தேடி இளைப்புன்னு போட்டா முடிஞ்சுது.”

“மூணாவது அத்தியாயத்துல அவங்களே காசநோய்னு எழுத ஆரம்பிக்கறாங்கண்ணா. ஒரே வார்டுல ஒரு டாக்டர் இளைப்புன்னு எழுதறார், பக்கத்துக் கட்டில்ல இன்னொருத்தர் காசநோய்னு எழுதறார். யார் எங்கே எதை எழுதினாங்கங்கறதுதான் அந்த அத்தியாயம். இப்ப ரெண்டும் ஒண்ணாக் கிடக்கு.”

அவன் திரையைப் பார்த்தான். முதல்முறையாக ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

பழைய பிரதி இல்லையா என்று கேட்டான். இருந்தது; மூன்றாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதுவதற்கு முந்தையது. அவன் சேமித்து, மூடி, அணைத்தும் விட்டதால் கோப்பைப் பின்னோக்கி நகர்த்தவும் வழியில்லை. மேற்கோள் குறிகளுக்கு உள்ளே இருந்தவைகூட மாறியிருந்தன. மற்றதெல்லாம் அசட்டுத்தனம், அது மோசடி. டாக்டர்கள் எழுதாததை எழுதியதாக அவள் பெயரில் போகும்.

காப்பீட்டு அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணி வாசற்படியில் நின்று முழுக்கதையையும் கேட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கிளினிக்குக்குப் போன் போட்டு, இன்றைக்கு டாக்டர் வரமாட்டார் என்று சொல்லிவிட்டாள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“இவளுக்கு இப்ப வந்திருக்கற வியாதியே நீங்கதான். உக்காந்து வைத்தியம் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

உட்கார்ந்தான். தெருவில் எங்கோ குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு ஜன்னலைச் சாத்தினார்கள். ஆஸ்பத்திரிக் குறிப்புகளை அவள் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அண்ணன் ஒவ்வொரு படமாகப் படிக்கவேண்டியது, அவள் அந்த இடத்தைத் திரையில் தேடிப்பிடித்துச் சரி செய்யவேண்டியது. ஒரு விஷயத்தில் அவன் உபயோகமாக இருந்தான். அவள் பூதக்கண்ணாடி வைத்து மல்லுக்கட்டிய கிறுக்கல்களை, பால் கணக்கு படிப்பதுபோலக் கடகடவென்று படித்தான். ஜாதி புத்தி என்று அவள் நினைத்துக்கொண்டாள், டாக்டர் ஜாதி.

ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை.

“‘கட்டில் ஒன்பது. சலவைத் தொழிலாளி. தீராத தாகம். அடிக்கடி சிறுநீர். இளைப்பு.’ இது சக்கரை வியாதி.”

“நீ சொல்ல வேண்டாம். என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படி.”

“‘கட்டில் பன்னிரண்டு. சுமை தூக்குபவன். இரண்டு மாதமாக வேலை இல்லை. இளைப்பு.’ வேலை இல்லாட்டி எப்படிச் சாப்பிடுவான். இது வெறும் பசி.”

“அண்ணா.”

“படிக்கறேன், படிக்கறேன். ‘நெஞ்சு படபடப்பு, கண் பிதுக்கம், கை நடுக்கம். இளைப்பு.’ அடக் கடவுளே, இது தைராய்டு. பாவம், இதை விட்டிருக்காங்களே.”

இப்படியே மதியம் ஆயிற்று. அவள் ரொட்டித்துண்டை ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அண்ணனுடைய குரல் மெல்ல மெல்ல வேகம் குறைந்துவந்தது. ஒரு படத்தில் நின்றான். முந்தையதுக்குத் தள்ளினான். அதற்கும் முந்தையதுக்குப் போனான். பிறகு, பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டவன் போல அவள் பக்கம் திரும்பினான்.

“ஏய், இதுல பாதிப் பேருக்குக் காசநோயே கிடையாதே.”

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“அதைத்தான் ஒரு புத்தகமா எழுதியிருக்கேன். நீ விடிய விடிய உக்காந்து அழிச்சியே, அந்தப் புத்தகம்.”

“அப்ப நான் போட்டது தப்புதான்” என்றான். ஒப்புக்கொண்டான் என்று அவள் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள். “கட்டில் ஒன்பதுக்குச் சக்கரைன்னு போடு.”

இளையவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழவில்லை. அழுதால் அதற்கும் ஒரு பெயர் சொல்வான்.

ஆண்கள் வார்டு ஒருவழியாக முடிந்தது. பெண்கள் வார்டுக்கு வந்தபோதுதான் உண்மையான முட்டுச்சந்து. அந்தக் குறிப்புகள் வேறொரு அறையில் இருந்தவை. அங்கே படம் எடுக்க விடவில்லை. பார்த்துப் பார்த்து நேரே கோப்பிலேயே தட்டச்சு செய்திருந்தாள். எந்தப் பெண்ணுக்கு எந்தச் சொல் என்பது அந்தக் கோப்பைத் தவிர வேறு எங்கும் இல்லை. ஞாபகத்திலிருந்து சிலது வந்தது. மற்றதெல்லாம் அண்ணனுடைய ஒரே தட்டில் போய்விட்டது. மறுபடி அந்த அறைக்குள் போக அனுமதி வாங்கவே ஒரு வாரம் ஆகும்.

பேராசிரியருக்குப் போன் செய்தாள். அந்த அம்மாள் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதற்கில்லை என்று புரிந்து நிறுத்தினார். ஒரே ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். உடல்நலக் குறைவு என்றால் மட்டும் தவணைக்கு மேல் தவணை உண்டு. டாக்டர் சான்றிதழ் ஒன்று, முத்திரையோடு, மாலைக்குள் வரவேண்டும். “உங்க அண்ணாவே டாக்டர்தானேம்மா” என்றார்.

போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் அண்ணனும் கேட்டான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று.

“இல்லாத வியாதியை எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். எத்தனையோ பேர் கேட்டாச்சு, யாருக்கும் போட்டதில்ல. உனக்கும் கிடையாது.”

அது உண்மை. சொந்த மாமனாருக்கே மாட்டேன் என்று சொல்லி, விளக்கு அணைந்த வீடு மாதிரி ஒரு மாதம் அந்தக் குடும்பம் கிடந்தது அவளுக்குத் தெரியும். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

“செத்துப்போனவங்களுக்கு மட்டும் எழுதுவே” என்றாள்.

அவன் மேஜைமேல் இருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்தான்.

“அவங்க யாரும் உன்கிட்ட வந்து கேக்கல. கையைக் குடுன்னு நீ நாடி பாக்கல. நீயா உக்காந்து ஒரு ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டே. என் கையெழுத்தை.”

அண்ணன் எழுந்து வெளியே போனான். போகட்டும், இன்னும் ஒரு வருஷம் பேசாமல் இருக்கட்டும் என்று அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கையில் அவனுடைய பை.

“கையைக் குடு” என்றான்.

வெறும் பேச்சு பேசாதே என்றாள். உண்மையிலேயே ஏதாவது இருந்தால் உண்மையாக எழுதித் தருகிறேன், ராத்திரி ராத்திரியாகக் கண்விழிக்கிற உடம்பில் ரத்த அழுத்தமாவது குறைந்திருக்காதா என்றான். அதுதான் அண்ணன். சமாதானத்துக்கு வந்தால்கூட விதிமுறைப்படிதான் வருவான்.

கை நீட்டினாள். பட்டையைச் சுற்றினான். அது ஒட்டவேண்டிய இடத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு போயிற்று. கழற்றி மறுபடி சுற்றினான்.

“எப்பலேர்ந்து இப்படி?”

“எப்படி?”

அவன் குளியலறையிலிருந்து எடைக்கருவியைக் கொண்டுவந்து ஏறச் சொன்னான். ஏறினாள். போன வருஷம் எத்தனை இருந்தாய் என்று கேட்டான். ஞாபகமில்லை, துணியெல்லாம் தொளதொளவென்று ஆனது உண்மை, ஆய்வேடு எழுதுகிறவள் எவள் நேரத்துக்குச் சாப்பிட்டாள். பசிக்கிறதா. பசித்தால் சாப்பிட மாட்டேனா. சாயங்காலத்தில் உடம்பு சுடுகிறதா. வேலைக்குக் கிளம்புகிற நேரம். அலுப்பில் எல்லோருக்கும் சுடும். தூங்கும்போது வேர்க்கிறதா. பகலில் தூங்கினால் வேர்க்காமல்?

எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. எரிச்சலோடுதான் சொன்னாள். அண்ணன் அவள் பின்னால் வந்து நின்று, கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்களால் மெதுவாக அழுத்திப் பார்த்தான். இடது பக்கம் நெறி கட்டியதுபோலிருந்த ஓரிடத்தில் விரல் நின்றது. நகர்ந்தது. திரும்ப அங்கேயே வந்தது.

காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த குரல் காணாமல் போயிருந்தது. நோயாளிகளிடம் அவன் பேசுகிற குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. சன்னமாக இருந்தது.

அண்ணி அலுவலகத்திலிருந்து அரைநாளோடு வந்துவிட்டிருந்தாள். சான்றிதழ் விஷயத்தைக் கேட்டதும் உடனே எழுதச் சொல்லிக் கணவனை நெருக்கினாள். அவன் கிளினிக் முகவரி அச்சிட்ட தாளை எடுத்து வைத்தான், தேதி போட்டான், தங்கையின் வயதைப் போட்டான். பேனா அங்கே நின்றுவிட்டது.

“என்ன வியாதின்னு போடப் போறே?” என்றாள் இளையவள்.

“தெரியல.”

பிறந்ததிலிருந்து அவனைத் தெரியும். அவன் வாயில் அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.

எடை குறைவு, காரணம் இன்னும் தெரியவில்லை என்று எழுதட்டுமா என்று கேட்டான். அண்ணி உதட்டைப் பிதுக்கினாள். வியாதிக்குப் பெயர் இல்லாத சான்றிதழைத் தன் அலுவலகத்தில் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பேராசிரியரிடம் கேட்டதற்கு அவரும் அதையேதான் சொன்னார்: படிவத்தில் நோயின் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதம்மா, அதைக் காலியாக விட்டால் வாங்க மாட்டார்கள்.

“ரத்தசோகைன்னு போடுங்களேன்” என்றாள் அண்ணி. “அது யாருக்குத்தான் இல்ல.”

“பாக்காம எப்படிப் போடறது?”

“உங்களோட இதே ரோதனை. அவ படிப்பு போயிடும்.”

அண்ணன் பேனாவைப் பிடித்தபடியே இருந்தான். எழுதிவிடுவான் போலத்தான் இருந்தது. அவளுக்காக, ராத்திரி செய்த காரியத்துக்காக, வாழ்க்கையில் ஒரு தடவை எழுதிவிடுவான்.

“வேணாம்” என்றாள் இளையவள். “தெரியலன்னா தெரியலதான். பேர் வெக்காதே.”

அவளுக்கே கோபம் வந்தது. இத்தனை நாள் கழித்து இந்த மனிதன் ஒரு சரியான பதில் சொல்கிறான், அது இன்றைக்குத்தானா வரவேண்டும்.

திரும்பி உட்கார்ந்தாள். பெண்கள் வார்டுதான் மூன்றாம் அத்தியாயத்தின் நெஞ்சு. அதைத்தான் தேர்வாளர்கள் முதலில் படிப்பார்கள் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். நிச்சயமாகத் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு, மற்றப் பெண்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்தாள். எடுத்த இடத்தில் ஒரே ஒரு குறிப்பு: ‘இவர்களுக்கு மூலத்தில் எந்தச் சொல் எழுதப்பட்டிருந்தது என்பதை உறுதிசெய்ய இயலாததால் இப்பகுதி நீக்கப்படுகிறது.’ அத்தியாயம் எலும்பும் தோலுமாக நின்றது. தேறுமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அதில் இருந்தது எல்லாம் உண்மை.

மூடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் அனுப்பினாள். பெறப்பட்டது என்று திரையில் வந்தது. யாரும் கைகுலுக்கவில்லை. அண்ணி மட்டும் தட்டில் காய்ந்துபோயிருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு, வேறு ஏதாவது சூடாகக் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

நாளைக் காலை வெறும் வயிற்றோடு கிளினிக்குக்கு வா, நானே ரத்தம் எடுக்கிறேன், மார்புக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிடலாம் என்றான் அண்ணன். வேலைக்கு இன்று போகவேண்டாம் என்றும் சொன்னான். இதை அவன் கேட்கவில்லை, சொன்னான்.

அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நாள் முழுக்கப் பட்ட பாட்டுக்கு ஒரு குத்தாவது குத்திவிட்டுத்தான் படுக்கவேண்டும் என்றிருந்தது.

“என்ன, எனக்கும் காசநோயா?”

கேலியாகத்தான் கேட்டாள். அண்ணி சிரித்தாள். ராத்திரி முழுக்க அந்தச் சொல்லைப் பார்த்த இடத்திலெல்லாம் தூவியவன் சிரிக்கவில்லை. எழுந்து போய், காலையிலிருந்து சாத்திக் கிடந்த ஜன்னலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தான். தெருவில் தோண்டுகிற இரைச்சல் அப்படியே உள்ளே பாய்ந்தது.

“காது கிழியுது, மூடுங்க” என்றாள் அண்ணி.

“இருக்கட்டும். காத்து வரட்டும்” என்றான் அண்ணன், திரும்பிப் பார்க்காமல்.